வெளியேறிய காரணம்

மூன்றாம் காலாண்டு முடிய இன்னும் நான்கு நாள்.
குளிர்சாதனம் இருமுகிறது.
வெளியே சிவப்பு மண்ணில்,
பழைய ஒப்பந்தக்காரர்கள் விட்டுப்போன
கான்கிரீட் மிக்சரின் நிழலில்
நான்கு நாய்கள்.

நான் வெரீனா. உள்ளூர்த் தரவு உதவியாளர், பகுதி நேரம்.
சட்டை இப்போது ஆரஞ்சு.
போன வருடம் நீலம், அதற்கு முன் பச்சை.
டெண்டர் கை மாறினால் சட்டை மாறும்.
மேசை அதே மேசை,
நாற்காலியின் உடைந்த கையும் அதேதான்.

திரையில் எங்கள் ஊர் நாற்பத்தாறு கட்டங்கள்.
பள்ளி வருகை சிவப்பு.
வேலிப்பணி மஞ்சள்.
கான்பெராவில் யாரோ ஒருத்தி
காலைக் காப்பியோடு இந்த நிறங்களைப் பார்ப்பாளாம்.
"மஞ்சளைப் பச்சையாக்கப் பார், வெரீனா,
அடுத்த தவணை அதில்தான் தொங்குகிறது" என்கிறார் டங்கன்.
மழை பெய்தால் இங்கே எல்லாம் தானாகப் பச்சையாகும்.
சொல்லவில்லை.

வேலிப்பணியில் பதினெட்டுப் பேர்.
மாடே இல்லாத நிலத்துக்கு வேலி.
வராத நாளுக்கெல்லாம் உதவித்தொகையில் ஒரு கடி.
எண் 0427 பன்னிரண்டு நாளாக வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்கிறது பெட்டி.
அம்புக்குறியை அழுத்தினால் பதினோரு காரணங்கள் விழும்:
போக்குவரத்து, உடல்நலம், ஆர்வமின்மை…
எனக்கு அவன் அண்ணன் முறை.
டயாலிசிஸுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போனான்,
ஐநூறு கிலோமீட்டர்.
திரும்பி வந்தான்,
வேறொரு பெட்டியில்.

அன்றிலிருந்து அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.
அதே பெயருள்ள கடைப்பையனும் இப்போது குமஞ்சாய்.
கடைச் சுவரில், கால்பந்து அணிப் படத்தில்,
ஒரு முகத்தின் மேல் ஒட்டுத்தாள்.
ஊரே மேற்கு முகாமில்
வெள்ளை மண் பூசி உட்கார்ந்திருக்கிறது,
பிள்ளைகளும்தான். பள்ளி சிவப்பானது அதனால்.
விளக்கம் எழுத இருநூறு எழுத்து இடமுண்டு,
இடைவெளி உட்பட.

கோப்பை மூட
பெயரை முழுதாகத் தட்டச்சு செய்து உறுதிப்படுத்த வேண்டும்.
நட்சத்திரக் குறியிட்ட கட்டம்.

உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை.
பிறகு ஓர் இளைஞன், நல்லவன், பிரிஸ்பேனிலிருந்து:
"பங்கேற்பாளர் பெயர்?"
சொல்லக்கூடாது.
"அப்படியானால் எழுத்துக் கூட்டுங்களேன்."
எனக்குக் கோபமில்லை.
அழைப்புக்கு ஆறு நிமிடம் என்று
அவனுக்கும் ஒரு கட்டம் இருக்கும்.

நேற்றுத் தபால் விமானத்தில் கடிதம் வந்தது,
அவனுக்கு.
கடைக்காரி உறையைக் கவிழ்த்துத்தான் நீட்டினாள்.
தாங்கள் தவறிவிட்டீர்கள்,
ஆகவே எட்டு வாரம் உதவித்தொகை இல்லை,
காரணமிருந்தால் இரண்டு நாளில் அழைக்கவும்.
'தவறிவிட்டீர்கள்'.
அந்த ஒரு சொல்லில் மட்டும்
கடிதத்தில் பிழையில்லை.

டங்கன் என் தோளுக்கு மேல் குனிந்தார்.
வெளியேறிய காரணங்களில் மரணமும் இருக்கிறது,
ஆனால் அது சான்றிதழ் கேட்கும்;
சான்றிதழ் ஆலிஸில் வரிசையில் நிற்கிறது.
பெயரை அவரே அடித்தார், இரண்டு விரலால்,
உதடு அசைய.
நான் நாய்களைப் பார்த்தேன்.
'சேவை இனித் தேவையில்லை' என்பதைத் தேர்ந்தார்.

பதினெட்டு பதினேழானது.
சதவீதம் ஏறியது.
பச்சை.

டங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.
ஏதோ சொல்ல வந்து, தண்ணீர் குடிக்கப் போனார்.

இருநூறு எழுத்தில் எங்கள் மொழியில் எழுதினேன்,
அவன் எந்த நீர்க்குழிக்கு உரியவன்,
யாருக்கு மகன், யாருக்கு மாமன் என்று.
ஒவ்வொரு சொல்லின் கீழும்
சிவப்புக் கோடு நெளிந்தது.
அனுப்பினேன்.

சட்டையைக் கழற்றி
நாற்காலியின் உடைந்த கையில் மாட்டினேன்.
மணி இரண்டு.
மேற்கே நடக்கிறேன்.
என் கணக்கில் மூன்று மணி நேரம் குறையும்,
பதினோரு காரணத்தில் எதையாவது
யாராவது அழுத்திக்கொள்ளட்டும்.